டைகர் பட்டினி கிடந்த ஆறு நாள்

தம்பி,

உன் கடிதம் நேற்றுக் காலைத் தபாலில் வந்தது. ஜவுளி எடுத்தாயிற்றா, செங்கல்பட்டுக்கு எந்த வண்டியில் வருகிறீர்கள், பெண் வீட்டில் எத்தனை பேருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நீ கேட்டதற்கெல்லாம் உன் அம்மா தனியாகப் பதில் எழுதுவாள். அதெல்லாம் அவள் இலாகா. நான் பதில் எழுத வேண்டியது, இடம் போதாமல் காகிதத்தின் ஓரத்தில் நீ குறுக்காக எழுதியிருந்தாயே, அந்த நாலைந்து வரிக்கு. கல்யாணத்துக்காகப் பத்து நாள் திண்டிவனத்தில் இருக்க மாட்டேன், வீராவை எங்கே விடுவது என்றுதான் கவலை என்று எழுதியிருந்தாய். எல்லாரும் நாய்க்காரச் சின்னப்பனிடம் விடு என்கிறார்கள், டைகரைப் பட்டினி போட்ட ஆளிடம் என் நாயை விடுவேனா என்று கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். நீ வேலை பார்க்கும் மாட்டாஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொன்னதாகவும், ஒரு வக்கீலும் ஒரு எண்ணெய் மில்காரரும் அந்த ஆளிடம் விட்டிருந்த தங்கள் நாய்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறாய். ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறாய்.

அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா தட்டைப் பார்த்தாள், கடிதத்தை வாங்கிப் படித்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "எழுதுங்க. நீங்க எழுதலன்னா நான் எழுதுறேன்" என்றாள். அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று நாம் இரண்டு பேரும் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறோம். ஆனால் அவள் எழுதினால் ஒன்றையும் விடமாட்டாள். அதனால் நானே எழுதுகிறேன். சின்னப்பன் உன் நாயைப் பட்டினி போடவில்லை, தம்பி. போட்டவன் நான்தான். எப்படி என்று சொல்கிறேன். நடுவில் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே.

உனக்கு அப்போது பத்து வயது. நான் விழுப்புரம் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ-இந்திய டிரைவர் ஒருவர் வீட்டு நாய் குட்டி போட்டபோது, நீ பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய் நின்று நின்று ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாய். பூனையைக் கண்டால் என் வேட்டிக்குப் பின்னால் வந்து ஒளிகிற அந்த ஜந்துவுக்கு நீ வைத்த பேர் டைகர். அவன் வீரமெல்லாம் அடுத்த வீட்டு ராஜம்மாளின் கோழிகளிடம்தான். அந்தக் காலத்தில் தெரு நாய்கள் பெருகிவிட்டால் விஷ உருண்டை வைக்கிற வழக்கம் உண்டு. அப்படி வைத்ததைத் தின்று கோடி வீட்டு நாய், கழுத்தில் பட்டையோடு வளர்ந்த நாய், நம் தெரு முனையில் துடித்துச் செத்தது. நீ அதைப் பார்த்துவிட்டாய். இரண்டு நாள் ஜுரம் உனக்கு. ஜுரம் விட்டதும் டைகரைப் பழக்க ஆரம்பித்தாய். அவன் தட்டில் சோற்றைப் போட்டு, அவனை உட்கார வைத்து, முதலில் அதிலிருந்து ஒரு கவளம் எடுத்து நீ உன் வாயில் போட்டுக்கொள்வாய். அப்புறம் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, "நான் துன்ட்டேன், நீயும் துன்னு" என்பாய். அதன் பிறகுதான் அவன் வாய் வைக்க வேண்டும். பதினைந்து நாளில் அவன் தேறிவிட்டான். நீ சொல்லாவிட்டால் உன் அம்மா சொல்ல வேண்டும். ஒரு கவளம் எடுத்து வாயில் போடாமல் வெறும் வார்த்தையை மட்டும் சொன்னால் அவன் ஏமாற மாட்டான். யாராவது தெருவில் கறித்துண்டு போட்டால்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுவான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நாய்த் தட்டில் கை வைத்து என் பிள்ளை தின்கிறான் என்பது பெரிய அவமானமாக இருந்தது. உன் அம்மாவிடம் கத்தினேன். அவள், "புள்ள கையாலதான துன்றான், நாய் வாயாலயா துன்றான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாக் கோளாறும் இந்த அவமானத்திலிருந்துதான் ஆரம்பித்தது.

அந்தக் கோடையில் ரயில்வே பாஸில் ராமேஸ்வரம் போவது என்று முடிவானது. பன்னிரண்டு நாள். சத்திரத்தில் நாயை விடமாட்டார்கள். ராஜம்மாளிடம் கோழிகள் இருந்தன. டைகரை யாரிடம் விடுவது என்று நீ சாப்பிடாமல் அழுதபோது, அந்த டிரைவர்தான் திண்டிவனத்துச் சின்னப்பனைப் பற்றிச் சொன்னார். துரை பங்களாவில் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கோடையில் துரைமார்கள் மலைக்குப் போகும்போது அவர்களுடைய நாய்களைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வாராம். ஏரிக்கரை ஓரத்தில், சேரியில் வீடு. நாய்களுக்கென்று தனியாகக் கொட்டகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய், ஒரு மண்சட்டி. "என் நாயே அங்கே போய்விட்டு வந்தால் என்னைக் கண்டு வாலாட்ட யோசிக்கிறது" என்று டிரைவர் சிரித்தார். இப்போது நான் சின்னப்பனை அவர் என்று எழுதுகிறேன். அன்று நான் அவரை நீ என்றும் அவன் என்றும்தான் சொன்னேன். அவருக்கு என்னைவிட ஆறேழு வயது அதிகம்.

கொண்டுபோய் விடுகிற அன்று உனக்குப் பரீட்சை. நான் மட்டும்தான் போனேன். கார்டு வண்டியில் நாய்களுக்கென்று ஒரு பெட்டி உண்டு அல்லவா, அதில் அவனை ஏற்றும்வரை நீ கூட வந்தாய். "அப்பா, அந்தாளு கிட்ட சொல்லிடுங்க. மொதல்ல அவரு ஒரு வாய் துன்னணும், அப்பறம் சொல்லணும். மறந்துடாதீங்க அப்பா" என்று நாலு தடவை சொன்னாய். சரி, சரி என்றேன். என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து ஐந்தாவது தடவையும் சொன்னாய். எனக்குக் கோபம் வந்து உன் கையைத் தட்டிவிட்டேன். அது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு இருக்கிறது.

திண்டிவனத்தில் ரஸ்தாவிலிருந்து ஏரிக்கரைக்குப் பிரிகிற இடத்தில் ஒரு பெரிய புளியமரம் இருக்கிறது, நீ தினமும் அந்த வழியாகத்தான் போகிறாய் என்று நினைக்கிறேன். அங்கேயே நின்றுகொண்டேன். போகிற ஒருவரிடம் சொல்லிச் சின்னப்பனைக் கூப்பிட்டு அனுப்பினேன். மரத்துக்கும் அவர் வீட்டுக்கும் ஐம்பது அடி இருக்கும். கொட்டகையும், அதில் ஒரு வெள்ளை நாய் படுத்திருப்பதும் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். டைகருக்கு முன்னால் மண்டியிட்டு, கையை நீட்டி முகர விட்டார். பிறகு நிமிர்ந்து, "ஊட்டுக்கு வந்து எடத்தப் பாத்துட்டுப் போங்கய்யா. உங்களுக்கும் மனசு ஆறும்" என்றார். ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது, தம்பி. அந்த ஒன்றரை மணி நேரமும் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவர் கேட்காமல் இல்லை. இதுதான் எனக்குத் தாங்க முடியாதது. "இன்னா துன்னும்ங்க? ஏதாச்சும் பயக்கம் கியக்கம் உண்டாங்கய்யா? சொல்லிட்டீங்கன்னா அது மாதிரி செய்வேன்" என்று கேட்டார். என் வாய் வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து தாலுகா கச்சேரியில் வேலை பார்க்கும் இரண்டு பேர், நமக்குத் தூரத்துப் பழக்கம், ரஸ்தாவில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழ, சேரி முனையில் நின்றுகொண்டு, என் மகன் நாய்த் தட்டிலிருந்து ஒரு வாய் தின்பான், நீயும் அப்படித் தின்ன வேண்டும் என்று இந்த மனுஷனிடம் நான் எப்படிச் சொல்வது? "எல்லாம் துன்னும். நாய்தானே" என்று சொல்லி, கயிற்றை அவர் கையில் படாமல் போட்டுவிட்டு நடந்தேன். டைகர் என் பின்னாலேயே கயிற்றின் எல்லை வரைக்கும் வந்து நின்றான். நான் ஒரு முறைக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நீ வாசலிலேயே நின்று கேட்டாய், சொன்னீர்களா அப்பா என்று. சொன்னேன் என்றேன். உன் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் பெரிய கெட்டிக்காரன்தான், என் புளுகு பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கிறது.

ராமேஸ்வரத்தில் நீ நன்றாக விளையாடினாய். கடலில் என் தோள் மேல் ஏறி நின்று குதித்தாய். அங்கேயும் ஒவ்வொரு வேளையும் சாப்பிட உட்கார்ந்ததும், "இந்நேரம் டைகருக்கு அவரு சொல்லியிருப்பாரு இல்லப்பா" என்பாய். ஆமாம் என்பேன். எனக்குள்ளே ஒரு முள் குத்தும். பசித்தால் எந்த நாயும் தின்னும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு தபால் கார்டு வாங்கி எழுதிப் போட்டிருக்கலாம், டிரைவருக்கு எழுதினாலாவது அவர் சேர்ப்பித்திருப்பார். எழுதவில்லை. எழுதினால் சொல்லாமல் வந்தேன் என்று ஆகிவிடுமே.

திரும்பி வந்த அன்று, நீ களைத்துப்போய் உள்ளே தூங்கிவிட்டாய். மூட்டையை இறக்கி வைக்கும் முன்பே ராஜம்மாள் ஓடி வந்தாள். அவள் சொன்னதை அவள் வாயாலேயே எழுதுகிறேன். "இன்னாண்ணா நீங்க, இப்புடிப் பண்ணிட்டுப் போயிட்டீங்க! போன வாரம் ஒரு ஆளு, டேசன்ல உங்க ஊட்ட விசாரிச்சுக்கினு, உங்க நாயத் தோள்ல போட்டுக்கினு நம்ம தெருவுக்குள்ள வர்றான். ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கினு வர்றானோன்னு பாத்தேன். நாய்க்குத் தல தொங்கிப்போச்சு. உங்க ஊட்டுப் பூட்டப் பாத்துட்டு நடுத்தெருவுல நின்னுக்கினு, அம்மா, தாயே, இது ஆறு நாளா ஒண்ணும் துன்னல, பச்சத் தண்ணிதான் குடிக்குது, இதுக்கு இன்னா பயக்கம்னு தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்கன்னு கத்துறான். நம்ம தெரு ஆம்பளைங்க சும்மா இருப்பாங்களா? யார்றா நீ, எந்தத் தெருவுல வந்து நிக்கிறேன்னு ரெண்டு பேரு தடியெடுத்துக்கினு வந்துட்டாங்க. பெரிய பேஜாராப் போச்சு. அவன் நகரவே இல்லண்ணா. அடிக்கிறதுன்னா அடிங்க, நாய் துன்னட்டும், போயிடுறேன்னான்."

ராஜம்மாளுக்கு வார்த்தை தெரியும். தினமும் இரண்டு வேளை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறவள் அல்லவா. அவள் ஓர் இலையில் சோறும் குழம்பும் போட்டு, எட்ட நின்று வைத்துவிட்டு, அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் நீ ஒரு வாய், அப்புறம் அந்த வார்த்தை என்று. நம் வீட்டுப் படிக்குக் கீழே உட்கார்ந்து, அவர் ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு, "நான் துன்ட்டேன், நீயும் துன்னு சாமி" என்றாராம். டைகர் காதைத் தூக்கினானாம். எழுந்து நிற்கத் தெம்பில்லாமல், படுத்தபடியே இலையை இழுத்துத் தின்றானாம். "அந்தாளு அழுதுட்டாண்ணா. தடி வச்சிக்கினு நின்னவன் கூடச் சும்மா நின்னுட்டான்" என்று சொல்லி ராஜம்மாளும் அழுதாள். இலை காலியாகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு திண்டிவனத்துக்கே கொண்டுபோய்விட்டார். ஐயா என்னை நம்பி விட்டது, ஐயா வந்து கேட்டால் நான்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னாராம். ஐம்பது அடி நடந்து அவர் தெருவுக்குள் போக எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவர் ஒரு நாய்க்காக, அடிபடுவோம் என்று தெரிந்தே நம் தெருவுக்குள் வந்து நின்றார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனேன். உன்னிடம் வழியில் சொல்லிவிடுவோம் என்று ஒலக்கூர் ஸ்டேஷனோ மயிலமோ ஏதோ ஒன்று வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். (ஒலக்கூர் திண்டிவனத்துக்கு அப்பால் இருக்கிறது, பார்சல் குமாஸ்தாவுக்கே பொய் சொல்லும்போது ஸ்டேஷன் மறந்துபோகிறது.) நான் நினைத்ததெல்லாம், இவன் முன்னால் அந்த ஆள் உளறிவிடக் கூடாதே என்றுதான். புளியமரத்தடிக்கு அவர் டைகரைக் கொண்டுவந்தார். ஒரு வாரமாகத் தின்றும் இன்னும் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தான். உன்னைக் கண்டதும் ஓடிவரப் பார்த்துத் தடுமாறி விழுந்தான். நீ அவனைக் கட்டிக்கொண்டு, அவன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தாய். உன் முகம் அப்படிச் சிவந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "எங்கப்பா உங்கிட்ட சொல்லிக் குடுத்தாரில்ல! நீ ஏன் சொல்லல? எங்க டைகர நீதான் பட்டினி போட்டே!" என்று கத்தினாய்.

அவர் உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவே இல்லை, சின்னய்யா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் உன் முன்னால் குனிந்து, "மறந்துட்டேன் சின்னய்யா. ஐயா சொன்னாரு, நான்தான் மறந்துட்டேன். என் தப்புதான்" என்றார். நீ கீழே கிடந்த புளியங்காய் ஓட்டை எடுத்து அவர் மேல் விட்டெறிந்தாய். அது அவர் மார்பில் பட்டு விழுந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி, போகட்டும் விடு தம்பி. அவனும் மனுஷன்தானே" என்றேன். பெரிய மனதோடு, தம்பி, நான் அவரை மன்னித்தேன். என் ஆயுசில் நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது எது என்று எமன் கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

வீட்டில் உன் அம்மாவையும் ராஜம்மாளையும் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் ஒன்று சொன்னாள்: "நீங்களா ஒரு நாள் சொல்லுவீங்க. அது வரைக்கும் பாக்குறேன்." பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொறுமைசாலி. இந்த வீட்டுக்கு வந்த புதிதிலும் அப்படித்தான் இருந்தாள். கல்யாணமாகி வந்து முதல் நாலு நாள் அவள் சரியாகவே சாப்பிடவில்லை. அவர்கள் வீட்டில் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, யாராவது ஒருத்தி வா, உட்கார் என்று சொன்ன பிறகு சாப்பிடுவது வழக்கமாம். இங்கே என் அம்மா போய்விட்டிருந்தாள், சொல்ல ஆளில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டிருக்கிறாள். நான் கவனிக்கவே இல்லை. ஐந்தாம் நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்த பிறகுதான் கேட்டேன். உன் வீட்டுக்கும் இன்னும் சில நாளில் ஒரு பெண் வரப் போகிறாள். நாய்க் கதை சொல்லிக்கொண்டே வந்து மருமகளில் கொண்டுவந்து முடிக்கிறாரே கிழவர் என்று உன் அம்மா என்னைத் திட்டப் போகிறாள், திட்டட்டும். அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது ஒரு வழக்கம் இருக்கும், அவளாகச் சொல்ல மாட்டாள். நீ கேட்டுத் தெரிந்துகொள். உனக்குத் தெரிந்ததை யாராவது கேட்டால், சின்னப்பன் கேட்டாரே அந்த மாதிரி கேட்டால், உன் கௌரவத்தைப் பார்க்காமல் பதில் சொல்.

நீ பட்டணத்துக்குக் கம்பவுண்டர் படிப்புக்குப் போன பிறகு, டைகருக்குச் சோறு வைக்கிற வேலை பெரும்பாலும் என் தலையில் விழுந்தது. உன் அம்மாவுக்கு முட்டி வலி, குனிய முடியாது. நான்தான் அவன் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னேன். சண்டைக் காலம், அரிசிக்குத் திண்டாட்டம், நமக்கும் அவனுக்கும் ஒரே கேப்பைக் களிதான். ஒரு நாள்கூட அவன் என்னைச் சந்தேகிக்கவில்லை. நான் சொன்னதும் நம்பித் தின்றான். கிழடாகிக் கண் தெரியாமல் போன பிறகும், என் கட்டிலுக்கு அடியில் படுத்தபடி, என் குரலைக் கேட்டு வாயைத் திறப்பான். கடைசி நாள் நான் சொன்னேன், அவன் தின்னவில்லை. என் கையை நக்கினான், அவ்வளவுதான். உனக்கு எழுதிய கடிதத்தில் தூக்கத்தில் போய்விட்டான் என்று எழுதியிருந்தேன். அது பொய் இல்லை, பாதி உண்மை.

அதற்கு மறு மாதம் ஆபீஸ் வேலையாகத் திண்டிவனம் போனேன். திரும்பும்போது பிளாட்பாரத்தில் சின்னப்பன் நின்றுகொண்டிருந்தார். கூடையில் ஒரு குட்டி நாயை வைத்துக் கார்டு வண்டியில் ஏற்ற வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பார்க்காத மாதிரி நகரப் பார்த்தேன். அவரே வந்து, "டைகரு சௌக்கியமாங்கய்யா?" என்றார். என்னை விசாரிக்கவில்லை. போய்விட்டான் என்றேன். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆறு நாள் அவன் எப்படிக் கிடந்தான் என்று அப்போதுதான் சொன்னார். ஈரல் வாங்கிச் சமைத்தார்களாம், பால் வைத்தார்களாம், அவர் சம்சாரம் மடியில் போட்டுக்கொண்டு ஊட்டிப் பார்த்தாளாம். வாயை இறுக்கிக்கொண்டு புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். எனக்கு என்னவோ துணிச்சல் வந்தது. "அன்னைக்கு எம் புள்ளகிட்ட ஏன் உண்மையச் சொல்லல?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நாய்க்காரன் மேல கோவம்னா ரெண்டு நாள்ல பூடும்ங்கய்யா. அப்பன் பொய் சொல்றான்னு தெரிஞ்சா, அப்பறம் அந்தக் கொயந்த யாரு கையில நம்பித் துன்னும்?" என்றார். வண்டி வந்துவிட்டது. "ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்கய்யா. ரெண்டு அவிச்ச மல்லாக்கொட்ட துன்னுட்டுப் போலாம்" என்றார். வர்றேன் என்றேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஆகிவிட்டது.

உன் கோபம் இரண்டு நாளில் போகவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து மாட்டாஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக வந்திருக்கிறான் என்பது தெரியுமோ என்னவோ. வக்கீல் நாயைக் கூட்டிக்கொண்டு போனபோது காரணம் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தும் அவர் உன்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை என்றால், இன்னமும் எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். துரைமார்கள் போன பிறகு அவருக்கு இருக்கிற பிழைப்பே இந்த நாலைந்து வீட்டு நாய்கள்தான். அவருக்கு இருக்கிற ஒரே சொத்து, சின்னப்பனிடம் விட்டால் நாய் பசியோடு இருக்காது என்கிற பேர். அதைத்தான் நீ கெடுத்துக்கொண்டிருக்கிறாய், நான் கொடுத்த பொய்யை வைத்துக்கொண்டு.

ஆகையால் இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதல் காரியமாக அந்த வக்கீலிடமும் மில்காரரிடமும் போ. என் தகப்பன் பொய் சொன்னான் என்று சொல். மழுப்பாதே, ஏதோ தப்பு நேர்ந்துவிட்டது என்று பூசி மெழுகாதே. பிறகு வீராவைக் கூட்டிக்கொண்டு புளியமரத்தைத் தாண்டிப் போ. உள்ளே போய் உட்கார். வீரா எதைத் தின்பான், எதற்குப் பயப்படுவான், எங்கே சொறிந்தால் கண்ணை மூடுவான், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல். நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவன் விட்டுவிட்டுப் போக வேண்டியது கயிற்றை மட்டும் இல்லை. நான் சொல்லத் தெரிந்தும் சொல்லாதவன், அதனால் சொல்கிறேன்.

என்னிடம் உனக்கு இனி என்ன மரியாதை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் பன்னிரண்டு வருஷம் போயிற்று. சின்னப்பன் கேட்டாரே, அப்பன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தால் பிள்ளை யார் கையில் நம்பித் தின்னும் என்று, அந்தக் கேள்விக்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். கல்யாண மேடையில் என் காலில் விழும்போது உனக்கு மனசு வராவிட்டால் விழாதே, அம்மா காலில் மட்டும் விழு. நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் அழுவேன், புகை என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வேன்.

நாங்கள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு காலைப் பாசஞ்சரில் புறப்படுகிறோம். செங்கல்பட்டுக்கு நேரே போகவில்லை, திண்டிவனத்தில் இறங்குகிறோம். உன் அம்மா இப்போதே அவர் சம்சாரத்துக்கு ஒரு புடவை எடுத்து வைத்துவிட்டாள். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், எனக்கு வழி தெரியும். சின்னப்பன் வீட்டில் இரு. அவர்களிடம் சொல்லி எனக்கும் ஓர் இலை போடச் சொல், அங்கே என்ன சமைக்கிறார்களோ அது போதும். நான் அவர் முன்னால் உட்கார்ந்து, உன் எதிரிலேயே அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். அதன் பிறகு அவர் முதலில் ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டு, டைகரிடம் சொன்ன அந்த வார்த்தையை என்னிடமும் சொன்னால், நான் சாப்பிடுவேன். அவருக்கு மனசு வராமல் நீ சொன்னாலும் சாப்பிடுவேன். இரண்டு பேரும் சொல்லாவிட்டால் வெளியே கொட்டகையில் வீராவோடு போய் உட்கார்ந்துகொள்கிறேன். டைகர் ஆறு நாள் கிடந்தான், நான் ஒரு வேளை கிடக்க மாட்டேனா.

உன் அப்பா